கோப்பை எந்தக் கைப் பக்கம்?

“மருந்தோட பேர் வேணும். அது தெரியாம நான் ஒரு ஊசி கூடப் போட முடியாது,” என்றார் டாக்டர்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நாங்கள் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தோம். துப்பறியும் அலுவலகம் நடத்தும் என் சித்தி. உதவியாளன் என்று சொல்லிக்கொண்டு அவள் பின்னாலேயே திரிவதால் ‘வாலு’ என்று பெயர் வாங்கிய நான். எங்களைக் கூப்பிட்டு அனுப்பிய கண்ணாடிக்கடைக்காரர். உள்ளே படுத்திருந்தது அவருடைய மனைவி. அந்த அம்மா பல் டாக்டர். நேற்று மத்தியானம் ஹாஸ்டல் காலத்துத் தோழிகள் இருவரோடு, ஊரே வரிசையில் நிற்கும் ஒரு ஜப்பானிய சுஷி ரெஸ்டாரன்டில் சாப்பிட்டிருக்கிறார். திரும்பி வந்து கிளினிக்கில் ஒரு நோயாளியை வாயைத் திறக்கச் சொன்னார். அந்த ஆள் திறந்த வாயை மூடுவதற்குள் இவர் கண்ணை மூடிச் சுருண்டு விழுந்துவிட்டார்.

“மீன்ல கோளாறு இல்லையா, டாக்டர்?” என்று கேட்டாள் சித்தி.

“இல்ல. இதயத் துடிப்பைக் கட்டிப்போடற ஏதோ ஒரு மாத்திரை உள்ள போயிருக்கு. இவங்க அந்த மாதிரி எதுவும் சாப்பிடறவங்க இல்ல. அதுல பல வகை இருக்கு. ஒண்ணுக்குக் குடுக்கற மாற்று மருந்து இன்னொண்ணுக்கு எமன். ரத்தத்தை வெளி லேபுக்கு அனுப்பியிருக்கோம். ரிசல்ட் நாளைக்குத்தான் வரும்.”

“அதுவரைக்கும் தாங்குவாங்களா?”

டாக்டர் கண்ணாடிக்கடைக்காரரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “பேர் கொண்டு வாங்க. சீக்கிரம்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கண்ணாடிக்கடைக்காரர் சித்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து நம்பர் சொல்கிற மனுஷன். அவர் கண்ணே ரத்தமாகச் சிவந்திருந்தது. நேற்றிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்கவில்லை என்று நர்ஸ் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

“கூடச் சாப்பிட்ட அந்த வக்கீல்தான், மேடம். சத்தியமா அவதான். போன வருஷம் என் மனைவி மேல ஒரு ஆள் கேஸ் போட்டான். அவனுக்காக ஆஜரானதே இவதான்.”

“அதுக்கப்புறமும் சேர்ந்து சாப்பிடப் போனாங்களா?” என்றேன் நான்.

“கோர்ட்டு வேற, சிநேகம் வேறன்னு ரெண்டு பேரும் சிரிச்சுப்பாங்க. இப்ப சிரிப்பாளா அவ? கைல கிடைக்கட்டும், மேடம். யாரா இருந்தாலும் சரி, என் கையாலயே கழுத்தை நெரிச்சிடுவேன்.”

“நெரிக்கறதை அப்புறம் பார்த்துக்கலாம்,” என்றாள் சித்தி. “சாப்பிட்ட பிறகு உங்க மனைவி உங்ககிட்டப் பேசினாங்களா?”

“கிளினிக்குக்குத் திரும்பறப்ப போன் பண்ணா. மீனெல்லாம் பிரமாதம், கடைசியா குடிச்ச டீதான் கஷாயம் மாதிரி கசந்துதுன்னா. மிச்சம் வெச்சா மாஸ்டர் மனசு சங்கடப்படுமேன்னு முழுசா குடிச்சுட்டாளாம்.”

சித்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். அவள் கண்ணாடியைத் துடைத்தால் துப்பின் வால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். என்னைச் சொல்லவில்லை.

“வாடா, டீ குடிக்கலாம்,” என்றாள்.

*

அந்த ரெஸ்டாரன்டில் ஒரு முறையாவது உட்கார வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. இடம் கிடைக்காது. எனக்கு இடம் கிடைத்தது, கதவில் ‘தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது’ என்று அட்டை தொங்கிய நாளில். என் ராசி அப்படி.

உள்ளே வெளிர் மரத்தில் நீளமாக ஒரு கவுன்டர். அதன் இந்தப் பக்கம் நாற்காலிகள், அந்தப் பக்கம் மாஸ்டர் நின்று சோற்றின் மேல் மீன் வைத்துச் சுஷி பிடிக்கும் இடம். மீன் அடுக்கும் கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. கத்திகள் துடைத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. போலீஸ் நேற்று ராத்திரி வரை மாஸ்டரை உலுக்கி எடுத்துவிட்டு விட்டிருந்தார்கள். பெரிய உருவம், தலையில் இறுக்கிக் கட்டிய வெள்ளைத் துணி, அதற்குக் கீழே நொறுங்கிப்போன முகம்.

“என் கடை மீனைத் தின்னு ஒருத்தருக்கு ஏப்பம் கூடத் தப்பா வந்ததில்லம்மா. இந்த ஊர்ல எனக்கு மேல சுஷி பிடிக்கற கை கிடையாது. போட்டிக்காரனும் ஒத்துப்பான். இப்ப தெருவுல போறவன் என் கடையைப் பார்த்துட்டு அந்தப் பக்கமா நடக்கிறான்.”

“கோப்பைங்க எங்க?” என்றாள் சித்தி.

“கழுவியாச்சு. நேத்தே.”

“நல்லது. உங்க சுத்தத்துக்கு ஒரு விருது குடுக்கலாம்,” என்றேன். சித்தி என் காலை மிதித்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு வக்கீலம்மா வந்தார். சித்திதான் போன் போட்டு வரச்சொல்லியிருந்தாள். கறுப்புக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருந்தார். பார்த்த மாத்திரத்தில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அழுத முகத்துக்கு மேல் பவுடர் போட்டிருந்தார்.

“பல்லு எப்படி இருக்கா?” என்றார். பல் டாக்டருக்கு ஹாஸ்டலில் வைத்த பெயர் அது.

“இருக்காங்க. இருக்கணும்னா நீங்க நான் கேக்கறதுக்கெல்லாம் நிஜம் சொல்லணும். நேத்து யார் எங்க உட்கார்ந்தீங்க?”

“நான் இந்த ஓரம். பல்லு நடுவுல. அவளுக்கு வலது பக்கம், சுவரை ஒட்டி, கணக்கு.”

“கணக்கா?”

“கணக்கு டீச்சர். மூணு பேரும் ஒரே ரூம்ல இருந்தவங்க. வருஷத்துக்கு ஒரு தடவை இப்படிச் சேர்ந்து சாப்பிடுவோம். இந்தத் தடவை கணக்குதான் இந்த இடத்தைச் சொன்னா. எப்பவும் எங்க போனாலும் சரின்னு சொல்றவ, இந்தத் தடவை இங்கதான்னு பிடிவாதம் பிடிச்சா.”

சித்தி வக்கீலம்மாவை அவருடைய நாற்காலியில் உட்கார வைத்தாள். என்னை நடுவில் தள்ளினாள். தானே சுவரோரம் உட்கார்ந்தாள்.

“மாஸ்டர், நேத்து எப்படியோ அப்படியே செய்யுங்க. மீன் வேண்டாம்.”

“சித்தி, மீன் வேணும்னு சொன்னாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன்,” என்றேன்.

மாஸ்டர் சூடான கைத்துண்டு நீட்டினார். பிறகு கலங்கலாகப் பச்சைத் தேநீர் ஊற்றிய கைப்பிடி இல்லாத கனத்த கோப்பைகளை வைத்தார். எல்லாம் ஒரே அச்சு. எனக்கு வலது பக்கம் ஒன்று, வக்கீலம்மாவுக்கு வலது பக்கம் ஒன்று, சித்திக்கும் வலது பக்கம் ஒன்று.

“நேத்தும் இப்படித்தான் வெச்சீங்களா?”

“இல்ல, இல்ல,” என்று மாஸ்டர் முதல் முறையாக நிமிர்ந்தார். பெருமை வந்துவிட்டது. “எங்க கடைல கைத்துண்டை நீட்டறப்பவே பார்த்துடுவேன், எந்தக் கை வருதுன்னு. வலது கைக்காரங்களுக்கு எல்லாம் வலது வாகுல இருக்கும். இடது கைக்காரங்களுக்கு சுஷியைக்கூடச் சாய்ச்சு வெப்பேன், கோப்பையை இடது பக்கம் வெப்பேன். யாரும் கேக்க வேண்டியதில்ல. அந்தச் சுவரோரம் உட்கார்ந்த மேடம் இடது கை.”

“ஆமா,” என்றார் வக்கீலம்மா. “கணக்கு இடது கை. நேத்து பூரா அவளும் பல்லுவும் முழங்கை இடிச்சுக்கிட்டேதான் சாப்பிட்டாங்க. ஹாஸ்டல்லயும் அதே சண்டைதான்.”

“அப்ப என் கோப்பையை மாத்தி வைங்க, மாஸ்டர்.”

மாஸ்டர் சித்தியின் கோப்பையை எடுத்து அவளுக்கு இடது பக்கம் வைத்தார். டங்கென்று ஒரு சத்தம். எனக்கு வலப்பக்கம் இருந்த கோப்பையில் அது இடித்து நின்றது.

இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே, தோளோடு தோள் உரசிக்கொண்டு, அச்சு அசலாக இரண்டு கோப்பைகள்.

என் வாய்க்கு முன்னால் என் மூளை ஓடியது அபூர்வமாக அன்றுதான்.

“மாறிப்போச்சு,” என்றேன். “சித்தி, கோப்பை மாறிப்போச்சு.”

“மாத்தினது யார்? மாஸ்டர், இந்த ரெண்டு கோப்பையையும் நீங்க எடுத்தீங்களா?”

மாஸ்டரின் பெருமை போன இடம் தெரியவில்லை. “ஒரு தடவை எடுத்தேன். சாப்பாடு முடியற நேரம். சுவரோரம் இருந்த மேடம் கை கழுவப் போயிருந்தாங்க. சோயா சாஸ் சிந்தியிருந்தது. ரெண்டு கோப்பையையும் ஒரே கையில தூக்கிட்டுத் துடைச்சேன். சுடச்சுட மேல ஊத்தித் திரும்ப வெச்சேன். எதை எங்க வெச்சேன்னு… அம்மா, சத்தியமா…”

“படம் எடுத்தீங்களா?” என்று சித்தி வக்கீலம்மாவிடம் கேட்டாள்.

இந்தக் காலத்தில் படம் எடுக்காமல் யார் சாப்பிடுகிறார்கள்? வக்கீலம்மா போனை நீட்டினார். முதல் படத்தில் பல் டாக்டர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார். உதட்டில் அழுத்தமான சிவப்புச் சாயம். அவர் கையில் கோப்பை, அதன் விளிம்பில் அதே சிவப்பு. பக்கத்தில் ஒல்லியாக, சாயம் கீயம் எதுவும் இல்லாத வெறும் முகத்தோடு கணக்கு டீச்சர். அவரும் சிரித்தார், ஆனால் கேமராவைப் பார்க்கவில்லை. தோழிகளைப் பார்த்தார்.

கடைசிப் படம் மாஸ்டர் எடுத்துக் கொடுத்தது. மூவரும் எழுந்து நின்று கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களை விட்டுவிட்டு, பின்னால் கவுன்டரில் இருந்த கோப்பைகளைப் பெரிதாக்கினேன். சுவரோர நாற்காலிக்குச் சேர்ந்த கோப்பையில், மாஸ்டர் நிற்கும் பக்கம் திரும்பி இருந்த விளிம்பில், சிவப்பாக ஒரு பிறை.

பல் டாக்டரின் கோப்பை கணக்கு டீச்சரிடம். கணக்கு டீச்சரின் கோப்பை பல் டாக்டரிடம்.

“அப்ப விஷம் பல் டாக்டருக்கு இல்ல! கணக்கு டீச்சருக்கு வெச்சது,” என்று நான் துள்ளினேன். துள்ளிய வேகத்திலேயே வக்கீலம்மா பக்கம் திரும்பினேன். “உங்களுக்கும் டீச்சருக்கும் என்ன தகராறு?”

“உளறாதடா,” என்றாள் சித்தி. “இவங்க இந்தக் கோடி. அந்தக் கோப்பை அந்தக் கோடி. நடுவுல உன்னைத் தாண்டிக் கையை நீட்டிப் பொடி போட்டா நீ பார்க்க மாட்டியா?”

“மாஸ்டர்?”

“தானே விஷம் வெச்சுட்டுத் தானே கோப்பையை மாத்தி வெப்பாரா? வெச்சவங்களுக்குத்தான் எந்தக் கோப்பைன்னு கண்ணு அதுலயே இருக்கும்.”

“அப்ப மிச்சம் பல் டாக்டர்தான். தோழிக்கு வெச்ச விஷத்தைத் தானே…”

“கசக்குதுன்னு தெரிஞ்சும், மாஸ்டர் மனசு நோகுமேன்னு கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சிருக்காங்க. விஷம் வெச்சவங்க கசக்கற டீயைக் குடிப்பாங்களா?”

எண்ணிப் பார்த்தேன். கோப்பைக்கு எட்டுகிற கைகளில் இன்னும் ஒன்றுதான் பாக்கி இருந்தது. இடது கை.

டீச்சர் தன் கோப்பையில் தானே போட்டிருக்கிறார்.

“வக்கீலம்மா,” சித்தியின் குரல் தணிந்திருந்தது. “டீச்சர் எப்பக் கிளம்பினாங்க?”

“கை கழுவிட்டு வந்தா. டீயை ஒரே மூச்சுல குடிச்சா. தலை வலிக்குது, நான் கிளம்பறேன்னா. படம் எடுத்துக்கிட்டோம். கட்டிப் பிடிச்சுக்கிட்டா. ரொம்ப நேரம். எப்பவும் கை குடுத்துட்டுப் போறவ. அவ போன பிறகுதான் பல்லு தன் டீயைக் குடிச்சா. கசக்குதுடின்னா. நான்தான் சிரிச்சேன், காசு குடுத்துக் கஷாயம் குடிக்க வந்தியான்னு.” வக்கீலம்மா நிறுத்தினார். கைப்பையைத் திறந்தார். “அவ வீட்டுச் சாவியை என்கிட்டக் குடுத்தா. ஊருக்குப் போறேன், செடிக்குத் தண்ணி ஊத்துன்னா. எந்த ஊருக்குடின்னு கேட்டேன். சிரிச்சா.”

“நீங்க?”

“நானும் சிரிச்சேன், மேடம். கோர்ட்டுல ஒரு சாட்சியை ஒரு கேள்வியோட நான் விட்டதே இல்ல.”

சாவி அவர் உள்ளங்கையில் கிடந்தது.

“யார் வீட்டுல இதய மாத்திரை இருந்தது?” என்றாள் சித்தி.

“அவ அப்பாவுக்கு. அவ அவரோடதான் இருந்தா. அவர் போய் கொஞ்ச நாள்தான் ஆகுது.”

“டீச்சருக்குப் போன் போடுங்க.”

போட்டார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. சித்தி ஏற்கெனவே வாசலில் இருந்தாள்.

*

டாக்ஸியில் முன் சீட்டில் நான். பின்னால் அவர்கள் இருவரும். சிக்னல் ஒவ்வொன்றும் எங்களைப் பார்த்த பிறகே சிவப்பானது. டிரைவரிடம் கெஞ்சினேன், அதட்டினேன், மறுபடி கெஞ்சினேன். ஆஸ்பத்திரியிலிருந்து கண்ணாடிக்கடைக்காரர் கூப்பிட்டார். துடிப்பு இன்னும் இறங்கிவிட்டதாம்.

“சித்தி, ஏதாவது ஜோக் சொல்லட்டுமா?”

“வேண்டாம்டா.”

“எனக்கும் வரல.”

மூன்றாவது மாடி. படி ஏறும்போது சித்தி வக்கீலம்மாவிடம், “நான் சொல்ற வரைக்கும் ஒரு சத்தம் வரக்கூடாது” என்று சொல்லிவிட்டாள். கதவுக்கு வெளியே செருப்புகள் ஒழுங்காக, ஜோடியாக இருந்தன. மணி அடித்தோம். பதில் இல்லை. சாவி திரும்பியது. கதவு ஒரு சாண் திறந்து, உள்ளே மாட்டியிருந்த சங்கிலியில் நின்றது.

அந்த இடுக்கு வழியாக ஒரு மேஜை தெரிந்தது. மேஜை மேல் ஒரு டம்ளர், ஒரு போன், ஒரு மாத்திரை டப்பா. மேஜைக்குப் பின்னால் நாற்காலியில், படத்தில் பார்த்த அதே ஒல்லி உருவம். நல்ல உடை உடுத்தி, தலை வாரியிருந்தார். கை டம்ளரைச் சுற்றியிருந்தது. இடது கை.

“டீச்சர்,” என்றாள் சித்தி. “நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வரேன்.”

உருவம் அசைந்தது. “போயிட்டாளா?”

“இல்ல. இருக்காங்க.”

“பொய் சொல்றீங்க.”

“பொய் சொல்ல எனக்கு நேரம் இல்லம்மா. அந்த டம்ளர்ல இருந்து குடிச்சீங்களா?”

“இன்னும் இல்ல. அவ பிழைச்சாளா போனாளான்னு தெரிஞ்சுக்கிட்டுக் குடிக்கலாம்னு உட்கார்ந்திருக்கேன். போன் அடிக்கறப்பல்லாம் எடுக்க பயமா இருக்கு.” பேச்சு வகுப்பில் பாடம் நடத்துவதுபோல ஒரே சீராக வந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “நான் என் கோப்பையைத்தான் குடிச்சேன். முழுசா குடிச்சேன். கசக்கவே இல்ல. சாகப் போறவளுக்கு நாக்குகூட மரத்துப் போகும் போலன்னு நினைச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்தேன். காலைல முழிச்சேன். எனக்குப் பசிச்சுது. எனக்குப் பசிக்குதேன்னு அதிசயமா இருந்தது. அப்பத்தான், பல்லு ஆஸ்பத்திரியில இருக்கான்னு வக்கீல் அனுப்பின மெசேஜைப் பார்த்தேன்.”

“அந்த ரெஸ்டாரன்டுல போய் ஏம்மா?”

“வீட்டுல தனியா குடிக்க பயமா இருந்தது. அவங்க ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டிருக்கறப்ப குடிச்சா பயம் தெரியாதுன்னு நினைச்சேன்.”

எனக்குப் பின்னால் வக்கீலம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“டப்பாவை இடுக்கு வழியா குடுங்க, டீச்சர். டாக்டருக்குப் பேர் வேணும்,” என்றேன் நான்.

அவர் டப்பாவை எடுத்தார். எழுந்தார். டம்ளரையும் கூடவே எடுத்துக்கொண்டார். கதவுக்கு அருகில் வந்து டப்பாவை நீட்டினார். “எடுத்துட்டுப் போங்க. கதவைச் சாத்திடுங்க.”

டப்பா என் விரலுக்கு எட்டியது. சித்தி சட்டென்று என் கையைத் தட்டிவிட்டாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே ஒரு உயிர் இந்தப் பேருக்காக இழுத்துக்கொண்டிருக்கிறது. இவள் வேண்டாம் என்கிறாள்.

“டப்பா போதாது,” என்றாள் சித்தி, கல் மாதிரி. “டாக்டர் பேர் மட்டும் கேக்க மாட்டாங்க. எவ்வளவு போட்டீங்க, முழுசா கரைஞ்சுதா, அடியில தங்குச்சா, நீங்க போட்டப்ப கோப்பையில எவ்வளவு டீ இருந்தது, மாஸ்டர் மேல ஊத்தினப்ப எவ்வளவு ஏறிச்சு. ஒண்ணொண்ணா கேப்பாங்க. மருந்து ஏத்தினப்புறம் திரும்பவும் கேப்பாங்க. நாளைக்கும் கேப்பாங்க. இதுக்கெல்லாம் பதில் தெரிஞ்ச ஆள் இந்த உலகத்துலயே ஒருத்தர்தான். நீங்க அந்த டம்ளரைக் குடிச்சா, பதில் சொல்ல ஆள் இருக்காது. அப்ப அவங்களைக் கொன்னது நேத்திக்கு மாறிப்போன கோப்பை இல்ல. இன்னிக்கு நீங்க கையில வெச்சிருக்கற டம்ளர்.”

டீச்சர் டம்ளரைக் குனிந்து பார்த்தார். ஏதோ கடினமான கணக்கு போட்டிருக்கும் கரும்பலகையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பக்கத்து வீட்டில் யாரோ குக்கரை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

சங்கிலி கழன்றது.

நான் செய்த முதல் காரியம் டம்ளரைப் பிடுங்கிச் சமையலறைத் தொட்டியில் கொட்டியது. இரண்டாவது, அதைச் சோப்புப் போட்டுக் கழுவியது. திரும்பி வந்தபோது சித்தி டாக்டரைப் போனில் பிடித்து டீச்சரின் காதில் வைத்திருந்தாள். டப்பாவில் இருந்த பெயரை டீச்சர் எழுத்து எழுத்தாகச் சொன்னார். பிறகு கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் யோசித்து, கையை உயர்த்தி அளவு காட்டி, பிறகு போனில் அளவு தெரியாதே என்று உணர்ந்து வார்த்தையில் சொன்னார். வக்கீலம்மா வந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டார். பேசி முடிக்கும் வரை விடவில்லை. முடித்த பிறகும் விடவில்லை.

“ஏன்டி எங்ககிட்டச் சொல்லல?” என்றார்.

“எப்படி இருக்கேன்னு நீங்க கேட்டீங்க. நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?”

*

சாயங்காலம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மாற்று மருந்து ஏற்றியாகிவிட்டது. இரண்டு முறை நர்ஸ் வந்து டீச்சரிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டு போனாள். சித்தி சொன்னது பயமுறுத்தல் மட்டும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு மனநல டாக்டர் டீச்சரைப் பார்த்துப் பேச வருவதாகச் சொல்லியிருந்தார்கள். போலீஸும் வரும். ஒவ்வொருவராக வரட்டும் என்றாள் சித்தி.

மாஸ்டருக்கு நான்தான் போன் போட்டேன். உங்கள் மீன்மேல் பழி இல்லை என்றேன். அந்தப் பெரிய உருவம் விக்கி விக்கி அழுதது. “கோப்பையை மாத்தி வெச்சது நான்தானே, தம்பி?” என்று கேட்டார். சித்தி போனை வாங்கி, “நீங்க கைத்துண்டு குடுக்கறப்ப கையைப் பார்த்தீங்க. மத்த யாரும் அதைக்கூடப் பார்க்கல” என்றாள்.

கதவு திறந்து கண்ணாடிக்கடைக்காரர் வெளியே வந்தார். துடிப்பு ஏறத் தொடங்கிவிட்டது, கண் விழித்துவிட்டாள் என்றார். சொல்லும்போது எங்கள் யாரையும் பார்க்கவில்லை. டீச்சரைத்தான் பார்த்தார். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும். சித்தி போனிலேயே சொல்லியிருந்தாள்.

டீச்சர் எழுந்து நின்றார். அடிவாங்கக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி நின்றார். காலையில் கண்ணாடிக்கடைக்காரர் சொன்ன கழுத்து நெரிக்கும் கதை எனக்கு ஞாபகம் வந்தது. நான் நைசாக இருவருக்கும் நடுவில் ஒரு அடி எடுத்து வைத்தேன்.

அவர் எங்களைத் தாண்டிப் போய்விட்டார். தாழ்வாரத்தின் கோடியில் ஒரு டீ மெஷின் இருந்தது. அதன் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். தோள்கள் குலுங்கின. பிறகு இரண்டு காகிதக் கோப்பைகளோடு திரும்பி வந்தார்.

“அவ பேசினா,” என்றார் டீச்சரிடம். “நடந்ததைச் சொன்னேன். ஒண்ணுதான் சொன்னா. கணக்கைத் தனியா விட்டுடாதீங்கன்னு.”

ஒரு கோப்பையை நீட்டினார். டீச்சரின் வலது கைக்கு நேராக நீட்டியவர், என்ன நினைத்தாரோ, அதை இடது பக்கம் மாற்றினார்.

டீச்சர் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. கோப்பைக்குள் பார்த்தபடியே நின்றார். வாய்வரை கொண்டுபோனார், முடியவில்லை, இறக்கிவிட்டார்.

கண்ணாடிக்கடைக்காரர் அந்தக் கோப்பையை அவர் கையிலிருந்து எடுத்தார். நேற்றிலிருந்து தண்ணீர்கூட இறங்காத தொண்டையில் ஒரு வாய் குடித்தார். திருப்பிக் கொடுத்தார்.

“கசக்கல,” என்றார். “குடிங்க.”